கல்விக் கடனும் கிரெடிட் கார்டும்: சில வருடம் கட்டிப் பார்த்ததில் தெரிந்தவை

படிக்கும்போது வாங்கிய கல்விக் கடன், வேலைக்குச் சேர்ந்ததும் எடுத்த ஒரு கிரெடிட் கார்டு, இரண்டையும் சில வருடங்களாகச் சமாளித்து வருகிறேன். கடன் வாங்கும்போது எல்லோரும் வட்டி விகிதத்தைத்தான் அலசுகிறார்கள், அது சரிதான், ஆனால் கட்ட ஆரம்பித்த பிறகு நாம் போடும் பணம் அசலில் கழிகிறதா வட்டியில் கரைகிறதா என்று பார்ப்பது அதைவிட முக்கியம்.

ஒரு கணக்கு சொல்கிறேன். 1,00,000 கடன், ஆண்டுக்கு 10% வட்டி, 10 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 1,322 வரும். முதல் மாதம் அதில் 833 வட்டிக்கே போய்விடும், அசலில் கழிவது 489தான். ஸ்டேட்மென்ட்டில் பார்த்தால் வயிறு எரியும், இருந்தாலும் மாதாமாதம் பார்த்துவிடுங்கள்.

படிப்பு முடியும்வரை தவணை கிடையாது என்பதை வட்டியே கிடையாது என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அரசு வட்டியை ஏற்கும் கடன்கள் சில உண்டு, மற்றவற்றில் வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். மேலே சொன்ன கடனை 2 வருடம் அப்படியே விட்டால் 20,000 வட்டி அசலோடு சேர்ந்து 1,20,000 ஆகும், அதே 10 வருடத்துக்குத் தவணை 1,586க்கு ஏறிவிடும். பகுதி நேர வேலையில் ஏதாவது வருகிறதென்றால் அந்த வட்டியை மட்டுமாவது கட்டி வாருங்கள், பாதி கட்டினாலும் பலன் உண்டு.

சம்பளம் கொஞ்சம் கூடியதும் நான் தவணைக்கு மேல் சேர்த்துக் கட்ட ஆரம்பித்தேன். 1,322க்குப் பதில் 1,500 கட்டினால் 120 மாதக் கடன் 98 மாதத்தில் முடிந்துவிடும், வட்டியில் ஏறக்குறைய 12,000 மிச்சம். ஆனால் எனக்குக் கடன் கொடுத்த இடத்தில் அந்தக் கூடுதல் பணத்தை அடுத்த தவணைக்கான முன்பணம் என்று தனியாக வைத்துவிட்டார்கள், அசல் ஒரு பைசா குறையவில்லை! ஸ்டேட்மென்ட்டைப் படிக்காமல் இருந்திருந்தால் அது தெரிந்தே இருக்காது. 'இந்தத் தொகையை அசலில் கழிக்கவும், தவணைத் தொகையை மாற்ற வேண்டாம், காலத்தைக் குறைக்கவும்' என்று மின்னஞ்சல் அனுப்பிய பிறகுதான் சரியானது. அப்புறம் ஒவ்வொரு முறையும் கூடுதலாகக் கட்டிய மறுநாள் அசல் பாக்கியைப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. முன்கூட்டியே கட்டினால் அபராதம் உண்டா என்பதை ஒப்பந்தத்திலேயே பார்த்துவிடுங்கள்.

கார்டு விஷயத்தில் என் கருத்து ஒன்றே ஒன்று: பில்லில் பெரிதாகப் போட்டிருக்கும் மினிமம் தொகையைக் கண்டுகொள்ளாதீர்கள். மாதம் 3% வட்டி என்பது கூட்டு வட்டியில் ஆண்டுக்கு 42 சதவீதத்தைத் தாண்டும். 10,000 பாக்கிக்கு 500 கட்டினால் அதில் 300 வட்டி. போதாததற்கு, பாக்கி வைத்திருக்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் பெரும்பாலான கார்டுகளில் முதல் நாளிலிருந்தே வட்டி. அதனால் முழு பில்லுக்கும் ஆட்டோ டெபிட் போட்டிருக்கிறேன், தேதி சம்பளம் வந்த சில நாட்களுக்குள்.

கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் மதிப்பெண்ணான கிரெடிட் ஸ்கோருக்காகத் தனியாக மெனக்கெட வேண்டியதில்லை. அமெரிக்காவில் பரவலாகப் பயன்படும் ஃபைக்கோ (FICO) என்ற ஸ்கோர் முறையில் 35% எடை தவணையை ஒழுங்காகக் கட்டிய வரலாற்றுக்கு, 30% எவ்வளவு கடன் பாக்கி என்பதற்கு. லிமிட்டில் பெரும்பகுதி செலவான மாதத்தில் பில் போடும் தேதிக்கு முன்பே கொஞ்சம் கட்டிவிடுவேன், பெரும்பாலும் பில்லில் உள்ள பாக்கிதான் ஸ்கோர் கணக்கிடும் நிறுவனங்களுக்குப் போகும்.

வேலை போனாலோ சம்பளம் தாமதமானாலோ, தவணை தவறுவதற்கு முன்பே கடன் கொடுத்தவர்களிடம் பேசிவிடுங்கள். கூட்டாகக் கையெழுத்துப் போட்ட அப்பாவோ அக்காவோ இருந்தால் அவர்களிடமும் சொல்லுங்கள், தவணை தவறினால் அவர்கள் ஸ்கோரும் சேர்ந்து அடிவாங்கும். அவகாசம் கொடுத்தால் அந்த மாதங்களின் வட்டி அசலோடு சேருமா சேராதா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள், போனில் சொல்வதை மட்டும் நம்பி விட்டுவிடாதீர்கள்.