பாட்டியா, டே கேரா, ஊரா? வேலைக்குப் போகும் வீட்டில் கைக்குழந்தை யாரிடம்?

பேறுகால விடுப்பு முடியப் போகிறது என்றதும் வீட்டில் இந்தப் பேச்சு ஆரம்பித்துவிடும். 2017இல் சட்டத்தைத் திருத்திய பிறகு, தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு முதல் இரண்டு பிரசவங்களுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. தமிழ்நாடு அரசு ஊழியர் என்றால் 2021 முதல் ஒரு வருடம். முதலாமவர் வேலைக்குத் திரும்பும்போது குழந்தை குப்புற விழுந்து, உட்காரப் பழகிக்கொண்டிருக்கும். இரண்டாமவர் திரும்பும்போது சுவரைப் பிடித்து நடக்கும். ஆனால் கேள்வி இருவருக்கும் ஒன்றுதான்: காலை எட்டரையிலிருந்து மாலை ஏழு வரை யார் பார்த்துக்கொள்வது?

வழக்கமாக இந்தப் பேச்சு பாசத்தையும் பணத்தையும் சுற்றியே ஓடும். "என்ன இருந்தாலும் பாட்டி மாதிரி வருமா" என்று ஒருவர் சொல்வார், "டே கேர்ல போட்டா சீக்கிரம் பேசும்" என்று இன்னொருவர். நான் வேறு இரண்டு கேள்விகளை வைத்து ஒப்பிடுகிறேன். குழந்தை "ங்கா" என்றால் "என்னடா தங்கம்" என்று திருப்பிப் பேச அங்கே ஆள் இருக்கிறாரா? அந்த ஆள் அடுத்த வருடமும் அதே ஆளாக இருப்பாரா?

முதல் கேள்வி ஏன் முக்கியம் என்பதை 1970களில் எட்வர்ட் டிரானிக் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு எளிய சோதனையில் காட்டினார். அம்மா குழந்தையோடு கொஞ்சி விளையாடுகிறார். பிறகு சில நிமிடம் அதே இடத்தில், முகத்தில் எந்த அசைவும் இல்லாமல் வெறுமனே பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கிறது, கையை ஆட்டுகிறது, சத்தம் போட்டு இழுக்கப் பார்க்கிறது. ஒன்றும் பலிக்கவில்லை என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிணுங்குகிறது. அம்மா எதிரிலேயே இருந்தும் பயனில்லை, பதில் வரவில்லை என்பதுதான் அதன் பிரச்சினை. போனைப் பார்த்துக்கொண்டே "ம்... ம்..." கொட்டும் நம் எல்லோருக்கும் இதில் சேதி இருக்கிறது.

சரி, பாட்டி. நம் வீட்டுக்கே வந்து தங்கும் பாட்டி இரண்டு கேள்வியிலும் நல்ல மதிப்பெண் வாங்குவார். ஆள் மாறமாட்டார், பேச்சுக்கும் பஞ்சமில்லை. மதியம் ஒரு கிண்ணத்தில் பருப்பு சாதத்தை நெய் விட்டுக் குழையப் பிசைந்து எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போகிறார். "காக்கா எங்க? அதோ மொட்டை மாடியில. அதுக்கும் பசிக்குதாம், அதுக்கு ஒரு வாய், பாப்பாவுக்கு ஒரு வாய்." குழந்தை விரலை நீட்டி "கா" என்கிறது. "ஆமா, காக்கா பறந்துபோச்சு, எங்க போச்சு?" என்று அந்த ஒற்றை எழுத்தை முழு வாக்கியமாக்கித் திருப்பித் தருகிறார். முக்கால் மணி நேரத்தில் உள்ளே போன சாதம் என்னவோ அரைக் கிண்ணம்தான். ஆனால் எத்தனை சொற்கள்!

அதே பாட்டி ராத்திரி எட்டு மணிக்கு என்ன செய்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும். முட்டி வலி, பிபி மாத்திரை, பகல் முழுக்க குழந்தை பின்னால் ஓடிய களைப்பு. சர்க்கரை டப்பாவில் போனைச் சாய்த்து வைத்துப் பாட்டைப் போட்டுவிட்டால் ஐந்து நிமிடத்தில் கிண்ணம் காலி. குழந்தை திரையைப் பார்த்தபடியே வாயைத் திறக்கிறது. அங்கே யாரும் யாருக்கும் பதில் சொல்வதில்லை. இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து ஐந்து வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று இந்தியக் குழந்தை மருத்துவர்கள் கூட்டமைப்பு 2021இல் சொல்லியிருக்கிறது. அந்தத் தாளை பாட்டியிடம் நீட்டுவதில் அர்த்தமில்லை. ராத்திரிச் சாப்பாட்டை அப்பா ஏற்றுக்கொண்டால் போதும்.

இந்த வழியின் உண்மையான விலை குழந்தைக்கு வெளியே இருக்கிறது. பாட்டியை யாராவது "உனக்குச் சம்மதமா?" என்று கேட்டார்களா? தாத்தா ஊரில் தனியாகப் பொங்கித் தின்றுகொண்டிருக்கிறாரா? வந்திருப்பது அம்மாவா, மாமியாரா? அம்மாவிடம் "போன் குடுக்காதம்மா" என்று கத்திவிட முடியும். மாமியாரிடம் அதையே கணவன் வழியாகத்தான் சொல்லியனுப்ப வேண்டும், அது போய்ச் சேரும்போது வேறு சேதியாகிவிடும். பாட்டி மிட்டாய் கொடுப்பாள், அம்மா கொடுக்கமாட்டாள் என்பதைக் குழந்தை சீக்கிரமே கற்றுக்கொள்ளும். அதில் கெட்டுப்போக ஒன்றுமில்லை. அதன் தலைக்கு மேல் பெரியவர்கள் முறைத்துக்கொண்டு நாள்கணக்கில் பேசாமல் இருப்பதைத்தான் அது தாங்காது. "பூச்சாண்டி பிடிச்சுக்குவான்", "ஊசி போட்டுடுவாங்க" போன்ற மிரட்டல்களை மட்டும் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன், மாமியாரே சொன்னாலும்.

(அமெரிக்காவில் இருப்பவர்கள் கதை தனி. சுற்றுலா விசாவில் அம்மா ஆறு மாதம், அவர் கிளம்பியதும் மாமியார் ஆறு மாதம் என்று முறை போட்டு ஓட்டுவார்கள். குழந்தை ஒரு பாட்டியிடம் ஒட்டிக்கொண்டதும் விமான நிலையத்துக்குப் போய் வழியனுப்ப வேண்டியிருக்கும்.)

அடுத்தது குழந்தையை ஊரில் விடுவது. திருப்பூரில் கணவன் மனைவி இருவரும் பனியன் கம்பெனிக்குப் போகும் வீடுகளிலும் இது உண்டு, பெங்களூரில் ஐடி வேலை பார்ப்பவர்களிடமும் உண்டு. பகலைப் பொறுத்தவரை குழந்தைக்கு இது பெரும்பாலும் சந்தோஷமான இடம். தெரு இருக்கிறது, கோழி இருக்கிறது, சித்தப்பா பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனாலும் என் கணக்கில் இதற்குத்தான் கடைசி இடம். மூன்று வயதில் எல்கேஜி அட்மிஷன் என்று ஒரு நாள் காரில் ஏற்றிக்கொண்டு வருவோம். அதுவரை அம்மா மாதிரி இருந்த ஆளிடமிருந்து பிரித்து, ஞாயிற்றுக்கிழமைகளில் பொம்மையோடு வந்துபோன இரண்டு பேரிடம் கொண்டுவந்து சேர்க்கிறோம். அப்புறம் "பிடிவாதம் பிடிக்குது, எங்ககிட்ட ஒட்ட மாட்டேங்குது" என்று குறைப்படுகிறோம். வேறு வழியே இல்லாதவர்களை நான் குறை சொல்லவில்லை. பாட்டியை அழைத்துவர வழி இருந்தும், வாடகை வீட்டில் ஒரு அறை குறைகிறது என்று குழந்தையை அனுப்புகிறவர்களைத்தான் சொல்கிறேன்.

டே கேர் மீது நம் ஊரில் இருக்கும் பயம் "குழந்தை அம்மாவை மறந்துவிடும்" என்பது. இதைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 1991இல் தொடங்கி, பத்து இடங்களில் 1,300க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பிறந்ததிலிருந்தே பின்தொடர்ந்த அரசு ஆய்வு அது. டே கேரில் விட்டதாலேயே அம்மாவிடம் ஒட்டுதல் குறையவில்லை என்று தெரிந்தது. அம்மா குழந்தையின் குறிப்பறிந்து நடப்பது குறைவாக இருந்து, அதோடு மோசமான கவனிப்போ, நீண்ட நேரமோ, இடம் மாற்றுவதோ சேர்ந்துகொண்டபோதுதான் ஒட்டுதல் ஆட்டம் கண்டது. தரமான இடங்களில் வளர்ந்தவர்களுக்கு மொழித்திறன் ஓரளவு கூடுதலாக இருந்தது. அதிக மணி நேரம் இருந்தவர்களிடம் அடம், சண்டை கொஞ்சம் கூடுதல். இவை எல்லாவற்றையும்விட வீட்டுச் சூழலும் பெற்றோர் நடந்துகொள்ளும் விதமும்தான் குழந்தையின் வளர்ச்சியோடு அதிகம் பொருந்தி வந்தன. அமெரிக்கக் குழந்தைகள்தான், நமக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனால் "மறந்துவிடும்" என்ற பயத்தை மட்டும் தூக்கிப் போட்டுவிடலாம்.

எனவே டே கேர் பார்க்கப் போனால் சுவரில் ஒட்டிய கார்ட்டூனையும் ஏசியையும் விடுங்கள். மூன்று வயதுக்குக் கீழ் பத்துக் குழந்தைக்கு ஒருவர் என்பது மத்திய அரசின் 2018 வழிகாட்டுதல். கைக்குழந்தைகளுக்கு அதுவே போதாது என்பேன், பத்துப் பேரின் "ங்கா"வுக்கு ஒருவர் எப்படிப் பதில் சொல்வார்? அதற்குப் பிறகு கேட்க வேண்டியது, "இந்த அக்கா இங்கே எவ்வளவு நாளாக இருக்கிறார்?" என்பது. மூன்று மாதத்துக்கு ஒரு முகம் மாறுகிற இடம் என்றால் திரும்பி வந்துவிடலாம். சிசிடிவியைப் போனில் பார்க்கலாம் என்று பெருமையாகச் சொல்வார்கள். அதில் குழந்தை விழவில்லை என்பது தெரியும், யாராவது அதனிடம் பேசினார்களா என்பது தெரியாது. முதல் சில மாதம் சளி, காய்ச்சல் விடாது, அம்மாவின் மிச்ச விடுப்பெல்லாம் அதிலேயே கரையும். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் குழந்தைகள் காப்பக வசதி தர வேண்டும், அம்மா நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்க்க விட வேண்டும் என்ற விதியையும் அதே 2017 திருத்தம்தான் கொண்டுவந்தது. மேனேஜரிடம் ஒருமுறை கேட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

நடுத்தர வர்க்கம் யோசித்தே பார்க்காத ஒன்று அங்கன்வாடி. தமிழ்நாட்டில் 54,000க்கும் மேல் இருக்கின்றன. இரண்டு வயதிலிருந்து சேர்க்கலாம், சாப்பாடும் முட்டையும் உண்டு. மாலை ஆறரைக்கு வீடு திரும்புகிறவருக்கு அதன் நேரம் போதாது, உண்மைதான். ஆனால் என் இரண்டாவது கேள்வியில் பல தனியார் டே கேர்களை இது தோற்கடித்துவிடும். நிறைய ஊர்களில் அக்காவைக் கண்ட அதே டீச்சர்தான் தம்பிக்கும்.

வீட்டோடு ஆள் வைப்பதில் எல்லாமே அந்த ஒரு ஆளைப் பொறுத்தது, பொதுவாகச் சொல்ல ஒன்றுமில்லை. அம்மா வேலையை விடுவது? விரும்பி விட்டால் நல்லது. "நீதான் விடணும்" என்று சொல்லி விடவைத்து, அடுக்குமாடி வீட்டில் பத்து மணி நேரம் தனியாக உட்கார்ந்து மனம் சோர்ந்துபோன அம்மாவைவிட, மாலையில் ஆசையோடு ஓடிவரும் அம்மா குழந்தைக்கு மேல்.

என்னைக் கேட்டால், ஒன்றரை வயது வரை மனதார வர நினைக்கும், உடம்பு ஒத்துழைக்கும் பாட்டி. அவரால் முடியாவிட்டால் சின்ன டே கேர், ஊர் அல்ல. இரண்டு வயதுக்கு மேல் அரை நாள் அங்கன்வாடியோ ப்ளே ஸ்கூலோ, மீதி நேரம் பாட்டி. மாற்றும்போது ஒரே நாளில் மாற்றாதீர்கள். முதல் வாரம் பாட்டியும் கூடவே போய் உட்காரட்டும், இரண்டாவது வாரம் ஒரு மணி நேரம் கழித்துக் கிளம்பட்டும். தம்பியோ தங்கையோ பிறக்கிற மாதத்தில் இந்த மாற்றத்தை வைத்துக்கொள்ள வேண்டாம். அந்த முதல் வாரத்துக்கு விடுப்பு போட வேண்டியது அம்மாதான் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.