கேமராவைக் கணினி கண்டுகொள்ளவில்லையா? கேபிள், கார்டு ரீடர், வைஃபை: எது கைகொடுக்கும்?

கேமராவைச் சொருகியும் கணினியில் ஒன்றும் வரவில்லை என்றால் பலர் நேராக டிரைவரை, அதாவது கேமராவைக் கணினிக்குப் புரியவைக்கும் மென்பொருளை, தேடி இறக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அதைக் கடைசியாகப் பார்த்துக்கொள்ளலாம், ஏனென்றால் பெரும்பாலான கேமராக்கள் படங்களைக் கணினிக்கு அனுப்பப் பயன்படுத்தும் பிடிபி என்ற முறையை விண்டோஸும் மேக்கும் தாமாகவே புரிந்துகொள்ளும். முதலில் சந்தேகப்பட வேண்டியது கேபிளைத்தான். சார்ஜ் ஏற்ற மட்டும் செய்த கேபிளில் தரவு போகும் கம்பியே இருக்காது, அதனால் கேமராவில் விளக்கு எரியும், கணினிக்கோ ஏதோ சொருகியிருக்கிறார்கள் என்றே தெரியாது.

கேபிளை மாற்றியும் பயனில்லையா? நடுவில் ஒரு போர்ட்டைப் பலவாக்கும் ஹப் இருந்தால் அதை எடுத்துவிட்டு, மேசைக் கணினியென்றால் பின்பக்க போர்ட்டில் நேராகச் சொருகுங்கள். அப்புறம் கேமரா மெனுவுக்குப் போய் வைஃபையை அணைத்துப் பாருங்கள், சில மாடல்களில் அது ஓடும்போது யூஎஸ்பி வேலை செய்யாது. மேக்கில் கோப்புகளைக் காட்டும் ஃபைண்டரில் தெரியவில்லை என்று கேமரா கெட்டுவிட்டதாக முடிவு கட்டாதீர்கள், பிடிபி கேமரா அங்கே வராது, மேக்கோடு வரும் இமேஜ் கேப்சர் செயலியைத் திறந்தால் இருக்கும். மீடியா வசதிகள் இல்லாமல் வரும் விண்டோஸின் 'என்' பதிப்பு வைத்திருப்பவர்கள் மீடியா ஃபீச்சர் பேக்கைத் தனியாக நிறுவ வேண்டும்.

இத்தனையையும் ஒரே அடியில் தாண்டிவிடுகிறது, கேமராவின் மெமரி கார்டைக் கழற்றிப் போட்டுக் கணினியில் படிக்க உதவும் கார்டு ரீடர். படங்களை நகலெடுப்பது மட்டும்தான் வேலை என்றால் நான் தயங்காமல் அதைத்தான் சொல்வேன். கேமரா பேட்டரி தீராது, பாதியில் தானாக அணைந்துபோகும் தொல்லை இல்லை, யூஎஸ்பி 2.0 மட்டுமே உள்ள கேமராவென்றால் 3.0 ரீடரில் நல்ல கார்டு அதைவிடப் பல மடங்கு வேகமாகப் படங்களைக் கொட்டும். இதைவிட முக்கியம், கோளாறு எங்கே என்பதையும் அதுவே காட்டிக்கொடுக்கும்: ரீடரில் கார்டு ஒழுங்காகத் திறந்தால் கார்டு நல்லது, தேட வேண்டியது கேபிளிலும் கேமராவிலும்தான்.

ரீடரிலும் கார்டு திறக்கவில்லை என்றால் உடனே பயப்பட வேண்டாம், முதலில் ரீடரின் வயதைப் பாருங்கள். 32 ஜிபி வரை கொள்ளும் எஸ்டிஹெச்சி கார்டு வகை 2006-ல் வந்தது, அதற்கு முந்தைய ரீடர்களுக்கு அந்தக் கார்டுகள் புரியாது. 32 ஜிபிக்கு மேற்பட்ட எஸ்டிஎக்ஸ்சி கார்டுகள் எக்ஸ்ஃபாட் என்ற கோப்பு அமைப்பு வடிவில் வருபவை, பழைய இயங்குதளம் அதைப் படிக்கத் தெரியாமல் "ஃபார்மட் செய்யவா?" என்று கேட்கும். தயவுசெய்து சரி என்று அழுத்திவிடாதீர்கள், வேறொரு கணினியில் போட்டால் அதே கார்டு அப்படியே திறக்க வாய்ப்புண்டு. கேமராவும் அதைப் படிக்க மறுத்தால் புதிதாக ஒரு படம்கூட அதில் எடுக்காமல் தனியே எடுத்து வையுங்கள், மீட்பு மென்பொருளால் பழைய கோப்புகளை எடுக்க முடிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

வைஃபை அவசரத்துக்கு நாலு ஜேபெக் அனுப்பப் பரவாயில்லை. கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் பெரிய ரா கோப்புகளையும் நீளமான வீடியோவையும் அதில் அனுப்ப ஆரம்பித்தால் பொறுமையும் போகும், பேட்டரியும் போகும்.

ஆனாலும் கேபிளைத் தூக்கி எறிந்துவிட முடியாது. கணினியிலிருந்தே கேமராவை இயக்கிப் படமெடுக்கவும், பல மாடல்களை வெப்கேமாகப் பயன்படுத்தவும், கேமராவின் உள் நினைவகத்தில் விழுந்த படங்களை எடுக்கவும் ரீடர் உதவாது. தரவு போகும் நல்ல கேபிள் ஒன்றைக் கேமரா பையிலேயே நிரந்தரமாகப் போட்டு வையுங்கள்.