கம்பியைத் தடிமனாக்குவதா, நேரத்தைப் பங்கிடுவதா? மின்வாகனங்களுக்கு மின்கட்டமைப்பை ஆயத்தப்படுத்தும் வழிகள்

மின்சார வாகனங்கள் பெருகினால் அவற்றுக்கு வேண்டிய மின்சாரத்தை எங்கிருந்து கொண்டுவருவது என்பதே பெரும்பாலும் முதலில் எழும் கேள்வி. கணக்குப் போட்டுப் பார்த்தால், நெருக்கடி மின்னுற்பத்தி நிலையத்தில் தொடங்குவதில்லை. தெருமுனையில் நிற்கும் மின்மாற்றியில்தான் தொடங்குகிறது. ஒரு கார் 100 கிலோமீட்டர் ஓடுவதற்கு 15 முதல் 20 யூனிட் வரை செலவாகிறது. நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர் ஓடும் காருக்கு 6 முதல் 8 யூனிட் போதும். ஆனால் அதே காரை வீட்டில் 32 ஆம்பியர் ஒருமுனை இணைப்பில் செருகினால், அது 7.4 கிலோவாட் இழுக்கிறது. ஒரு நாளின் தேவை ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் நிறைந்துவிடுகிறது. அந்த ஒரு மணி நேரம் எப்போது வருகிறது, ஒரே தெருவில் எத்தனை பேருக்கு ஒன்றாக வருகிறது என்பவற்றைப் பொறுத்தே மின்கட்டமைப்பின் பாடு அமைகிறது.

எடுத்துக்காட்டாக, 40 வீடுகளுக்கு மின்சாரம் தரும் 100 கேவிஏ மின்மாற்றி (ஏறக்குறைய 100 கிலோவாட் பளுவைச் சுமக்கக்கூடியது) ஒன்றைக் கொள்வோம். மாலை உச்ச நேரத்தில் வீட்டுக்குச் சராசரியாக 2 கிலோவாட் வீதம் 80 கிலோவாட் பளு ஏற்கெனவே அதன் மேல் இருக்கிறது. பத்துப் பேர் வேலையிலிருந்து திரும்பி, ஏழு மணிக்குக் காரைச் செருகினால் மேலும் 74 கிலோவாட் ஏறுகிறது. மின்மாற்றி தன் திறனைப் போல ஒன்றரை மடங்கைச் சுமக்க நேரிடும். அதே பத்துக் கார்களின் மொத்தத் தேவையான 70 யூனிட்டை இரவின் எட்டு மணி நேரத்துக்குப் பரப்பினால், சராசரிப் பளு 9 கிலோவாட்டைக்கூடத் தொடாது. வாகனங்கள் அவையே, மின்சாரமும் அதே அளவே; இரண்டு நிலைகளுக்கும் இடையே இருப்பது நேரம் மட்டுமே. போட்டியிடும் வழிகளை இந்தக் கணக்கின் முன் நிறுத்தி ஒப்பிடுவதே சரி என்று கருதுகிறேன்.

முதல் வழி, மின்பாதையை வலுப்படுத்துவது. பெரிய மின்மாற்றி, தடித்த கேபிள், தேவைப்படும் இடத்தில் புதிய துணை மின்நிலையம் என்று இது அமையும். இதன் சிறப்பு, யாருடைய ஒத்துழைப்பையும் வேண்டாமல் வேலை செய்யும் என்பதே. தொலைத்தொடர்பு அறுந்தாலும், வாகன உரிமையாளர் எதையும் கவனிக்காவிட்டாலும் தடித்த கேபிள் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். மின்பாதையின் கடைக்கோடி வீடுகளில் மின்னழுத்தம் சரிவதையும் அது நேரடியாகத் தீர்க்கிறது. ஆனால் மின்மாற்றி முப்பது, நாற்பது ஆண்டுகள் நிற்கும் பொருள், புதைவடமும் அப்படித்தான். ஒரு நாளில் ஒரு மணி நேரம் மட்டும் தேவைப்படும் திறனுக்காக ஊரெங்கும் பள்ளம் தோண்டினால், அந்தச் செலவு வாகனம் இல்லாதவரின் மின்கட்டணத்திலும் வந்து சேரும். இந்த அநீதியை இத்திட்டங்கள் பற்றிய பேச்சில் போதிய அளவு யாரும் எடைபோடுவதில்லை என்பது என் வருத்தம்.

ஒன்றும் செய்யாமல் இருப்பதும் இலவசம் அன்று. எண்ணெயில் மூழ்கிய மின்மாற்றியின் உட்சூடு 98 பாகை செல்சியஸைத் தாண்டிய பிறகு, கூடும் ஒவ்வொரு 6 பாகைக்கும் அதன் காப்புத்தாள் முதுமையடையும் வேகம் இரட்டிப்பாகிறது என்பது பொறியாளர்கள் கணக்கில் கொள்ளும் விதி. பகலில் சூடேறி இரவில் ஆறுவதை நம்பியே பல மின்மாற்றிகள் தம் அளவுக்கு மேல் சுமந்து வந்திருக்கின்றன. இரவு முழுவதும் அடங்காத வாகனப் பளு அந்த ஓய்வைப் பறித்துவிடும். ஆகவே பளுவை இரவுக்குத் தள்ளிவிட்டாலே போதும் என்று எண்ணுவோர் இதையும் கருத வேண்டும்.

இரண்டாவது வழி, நேரத்துக்கேற்ற கட்டணம். உச்ச நேரத்தில் கூடுதல் விலை, நள்ளிரவில் குறைந்த விலை என்று வைத்தால் மக்கள் தாமாகவே நேரத்தை மாற்றிக்கொள்வார்கள் என்பது இதன் அடிப்படை. நேரவாரியாகப் பதியும் மீட்டர் இருந்தால் போதும். தோண்டவும் வேண்டாம், கட்டவும் வேண்டாம். மலிவில் இதை விஞ்ச வேறு வழி இல்லை. ஆனால் இதற்குள் ஒரு பொறி இருக்கிறது. சலுகை விலை இரவு 10 மணிக்குத் தொடங்கினால், எல்லாக் கார்களின் டைமரும் சரியாக 10 மணிக்கே விழித்துக்கொள்ளும். நமது தெருவில் பத்துக் கார்கள் இருபதாகும் நாளில் அந்த ஒரு நொடியில் 148 கிலோவாட் ஏறும். மாலையில் இயல்பாகச் சிதறி வந்திருக்கக்கூடிய பளுவைக் கட்டணமே ஒன்றுதிரட்டி, முன்பு இல்லாத ஓர் உச்சத்தை உருவாக்குகிறது. பிரிட்டன் இதை முன்கூட்டியே கண்டுகொண்டது. 2022 ஜூன் 30 முதல் அங்கு விற்கப்படும் வீட்டுச் சார்ஜர்கள், வார நாட்களில் காலை 8 முதல் 11 வரையும் மாலை 4 முதல் இரவு 10 வரையும் சார்ஜ் செய்வதைத் தவிர்க்கும் அமைப்போடு வர வேண்டும். அதோடு, 10 நிமிடம் வரை ஒவ்வொன்றும் தற்செயலாகத் தாமதித்தே தொடங்க வேண்டும். உரிமையாளர் விரும்பினால் இவற்றை மாற்றிக்கொள்ளலாம் என்பதால் யாருடைய உரிமையும் பறிபோகவில்லை.

மூன்றாவது வழியே எனக்கு மிகுந்த நம்பிக்கை தருவது: சார்ஜர்களின் மின்னோட்டத்தைத் தேவைக்கேற்ப ஏற்றி இறக்கும் நிர்வகிக்கப்பட்ட சார்ஜிங். இதற்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. சார்ஜருக்கும் காருக்கும் இடையே ஓடும் சமிக்ஞைக் கம்பியில், நொடிக்கு ஆயிரம் துடிப்புகள் வீதம் செல்லும் அலையின் அகலமே, இப்போது எத்தனை ஆம்பியர் எடுத்துக்கொள்ளலாம் என்பதைக் காருக்குச் சொல்கிறது. ஒரு துடிப்புக்குரிய நேரத்தில் 10 விழுக்காட்டை அந்த அகலம் நிரப்பினால் 6 ஆம்பியர், 50 விழுக்காட்டை நிரப்பினால் 30 ஆம்பியர். சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கும்போதே அதை மாற்றலாம். கார் சில நொடிகளில் இணங்கிவிடும். 6 ஆம்பியருக்குக் கீழே குறைக்க இயலாது, நிறுத்தி வைக்கத்தான் முடியும் என்பது மட்டுமே வரம்பு.

இந்த வழியின் பலன் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மிகத் தெளிவாகத் தெரிகிறது. 63 ஆம்பியர் மும்முனை இணைப்பு ஒன்று ஏறக்குறைய 43 கிலோவாட் தரும். ஒவ்வொரு காருக்கும் 7.4 கிலோவாட்டை ஒதுக்கி வைத்தால் ஐந்து கார்களோடு இணைப்பு நிறைந்துவிடும். ஆறாவது குடும்பத்துக்கு இடமில்லை என்ற பதில்தான் கிடைக்கும். அதே 43 கிலோவாட்டைப் பத்து மணி நேரம் பங்கிட்டால் 430 யூனிட் ஆகிறது. முப்பது கார்களுக்குப் பகிர்ந்தாலும் ஒவ்வொன்றுக்கும் 14 யூனிட், அதாவது ஏறத்தாழ 80 கிலோமீட்டர் ஓட்டம் கிடைத்துவிடும். சொந்தக் கார் கொட்டகை இல்லாதவரையும் இந்த மாற்றத்துக்குள் சேர்த்துக்கொள்ள இதைவிட எளிய வழியை நான் அறியேன்.

இதன் பலவீனம் நம்பிக்கையில் இருக்கிறது. என் காரின் சார்ஜை வேறு யாரோ குறைக்கிறார்கள் என்ற எண்ணம் பலருக்கும் உவப்பானதன்று. ஜெர்மனியில் 2024 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள ஏற்பாடு இதற்கு நேர்மையான விடை தருகிறது. மின்பாதை திணறும் வேளையில் விநியோக நிறுவனம் வீட்டுச் சார்ஜரை 4.2 கிலோவாட் வரை குறைக்கலாம். முற்றிலும் துண்டிக்க முடியாது. கைம்மாறாக, உரிமையாளருக்கு மின்பாதைக் கட்டணத்தில் சலுகை உண்டு. திறன் போதவில்லை என்று சொல்லிப் புதிய இணைப்பை மறுக்கும் அதிகாரமும் நிறுவனத்துக்கு இல்லை. 4.2 கிலோவாட்டில் எட்டு மணி நேரம் நின்றாலும் 33 யூனிட் ஏறிவிடும் என்பதால், இழப்பு பெயரளவில்தான். தொலைத்தொடர்பு அறுந்தால் என்ன செய்வது என்ற கேள்வியும் உண்டு. தொடர்பு இழந்த சார்ஜர் பாதுகாப்பான குறைந்த மின்னோட்டத்துக்குத் தானாக இறங்கும்படி வடிவமைக்கப்பட வேண்டும்; தொலைவிலுள்ள கணினி ஒன்றையே முழுதும் நம்பியிருப்பது அறிவுடைமை ஆகாது.

காரின் பேட்டரியிலிருந்து மின்சாரத்தைத் திரும்பப் பெறும் வழியும் முன்வைக்கப்படுகிறது. டென்மார்க்கின் ஃபிரெடெரிக்ஸ்பெர்க்கில் 2016 முதல் பத்து நிசான் வேன்கள் மின்கட்டமைப்பின் அதிர்வெண்ணைச் சீராக்கும் பணியைச் செய்து காட்டின. இருவழிப் பரிமாற்றத்துக்கான ஐஎஸ்ஓ 15118-20 தரநிலை 2022-இல் வெளிவந்துவிட்டது. எனினும் ஏற்றி இறக்குவதில் ஒரு பகுதி வீணாகிறது, இருவழிச் சார்ஜர் விலை கூடியது, பேட்டரி உத்தரவாதம் பற்றிய ஐயமும் தீரவில்லை. இருபது கார்கள் ஒரே நேரத்தில் மின்சாரத்தைத் திருப்பி அனுப்பினாலும் அதே தெரு மின்மாற்றிதான் திணறும். பள்ளிப் பேருந்துகளைப் போல நேரம் குறித்து ஓடி, நீண்ட நேரம் நிற்கும் வாகனங்களில் தொடங்குவது பொருத்தம். வீட்டுக் கார்களை நம்பித் திட்டமிடும் காலம் இன்னும் வரவில்லை.

நெடுஞ்சாலைக்கு வந்தால் தீர்ப்பு தலைகீழாகிறது. 150 கிலோவாட் சார்ஜர்கள் எட்டு நிற்கும் இடத்துக்கு 1,200 கிலோவாட் வேண்டும். அங்கு வந்து நிற்பவரிடம் விடியும்வரை காத்திருக்கச் சொல்ல முடியாது. சிறிய மின்னிணைப்போடு பெரிய பேட்டரியை வைத்துச் சமாளிப்பது, வண்டிகள் இடைவெளி விட்டு வரும் இடத்தில் நன்றாகவே உதவும். விடுமுறை நாளில் வரிசை நீளும்போது, பேட்டரி முதல் ஓரிரு மணி நேரத்திலேயே வற்றிவிடும். அதிகம் தேவைப்படும் நாளில்தான் அது கைவிடும். கனரக லாரிகளுக்கான மெகாவாட் சார்ஜிங் முறை 3.75 மெகாவாட் வரை எட்டக்கூடியது என்பதால், உயரழுத்த இணைப்பை முன்கூட்டியே கொண்டுவருவதைத் தவிர மாற்று இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் தன் முதன்மைச் சாலைகளில் 60 கிலோமீட்டருக்கு ஒன்றாக, 2025 இறுதிக்குள் 400 கிலோவாட், 2027 இறுதிக்குள் 600 கிலோவாட் திறனுள்ள நிலையங்களைக் கேட்பது இந்த வகையில் சரியான முடிவு.

ஆகவே குடியிருப்புத் தெருக்களில் நேரத்தைப் பங்கிடுவது முதலில், கம்பியைத் தடிமனாக்குவது பிறகு. நெடுஞ்சாலையிலும் பேருந்துப் பணிமனையிலும் கம்பியே முதலில். இதில் ஒரு விலக்கு உண்டு: வேறு காரணத்துக்காகத் தெருவைத் தோண்டும்போது தடித்த கேபிளையே இட வேண்டும், குறைந்தது வெற்றுக் குழாயையாவது பதித்து வைக்க வேண்டும். செலவின் பெரும்பங்கு செம்பில் இல்லை, பள்ளத்தில் இருக்கிறது.

எந்தத் தெருவில் ‘பிறகு’ என்பது ‘இப்போது’ என்று மாறும் என்பதை அறிய, மின்மாற்றியிலேயே ஒரு மீட்டர் வேண்டும். பிரிட்டனில் 2013 முதல் 2015 வரை நடந்த மை எலெக்ட்ரிக் அவென்யூ ஆய்வு, 40 முதல் 70 விழுக்காடு வாடிக்கையாளர்களிடம் மின்வாகனம் வந்துவிட்ட நிலையிலும், வீடுகளுக்கு மின்சாரம் கொண்டுவரும் தாழ்வழுத்தப் பாதைகளில் ஏறத்தாழ 32 விழுக்காட்டுக்குத்தான் வலுவூட்டல் தேவைப்படும் என மதிப்பிட்டது. மூன்றில் ஒரு பங்கு எது என்று தெரியாத நிறுவனம் ஒன்று எல்லாத் தெருக்களையும் தோண்டும், அல்லது மின்மாற்றி எரிந்த பிறகு வந்து பார்க்கும். பளுவையும், மூன்று முனைகளுக்கிடையே உள்ள ஏற்றத்தாழ்வையும், கடைக்கோடி மின்னழுத்தத்தையும் ஓராண்டு பதிந்துவைத்தால், ஒரே முனையில் குவிந்துகிடக்கும் வீடுகளை அடுத்த முனைக்கு மாற்றிக் கட்டுவதோடு பல இடங்களில் வேலை முடிந்துவிடும். அதற்கு ஏணியும் இரண்டு பணியாளர்களும் ஒரு பிற்பகலும் போதும்.