லண்டனா, சிங்கப்பூரா? செவ்வியல் நடிப்பு படிக்கப் போகிறவர்களுக்கு

எங்கள் நாடகக் குழுவில் மூன்று வருடமாக நடிக்கும் ஒரு பெண், வயது 22, போன மாதம் ஒத்திகை முடிந்ததும் என்னைத் தனியாக நிறுத்தி, "அண்ணா, வெளிநாட்டுல போய் முறையா நடிப்பு படிக்கணும், லண்டனா சிங்கப்பூரா, எதுக்குப் போகட்டும்?" என்று கேட்டாள். அன்றைக்கு அவளுக்கு அவசரமாக ஒரு பதில் சொல்லிவிட்டேன், அது போதாது என்று அப்புறம் தோன்றியது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் லண்டன். 1904இல் தொடங்கிய ராடா (ராயல் அகாடமி ஆஃப் டிராமாடிக் ஆர்ட்) என்ற நாடகப் பள்ளியில் மூன்று வருட இளங்கலை நடிப்புப் படிப்பு இருக்கிறது. ஆயிரக்கணக்கானவர்கள் விண்ணப்பிக்கிறார்கள், எடுப்பது ஒரு ஆண்டுக்கு 28 பேரைத்தான். அதைவிடப் பழைய லாம்டா (லண்டன் அகாடமி ஆஃப் மியூசிக் அண்ட் டிராமாடிக் ஆர்ட்), 1861இல் ஆரம்பித்தது, செவ்வியல் நடிப்புக்கென்றே ஒரு வருட முதுகலைப் படிப்பு வைத்திருக்கிறது. நம் ஊர்ப் பிள்ளைகள் கண்ணில் முதலில் படுவது இந்த ஒரு வருடப் படிப்புதான், காரணம் எளிது: ஒரு வருடக் கட்டணம், ஒரு வருட வாடகை, கையில் ஒரு முதுகலைப் பட்டம்.

அங்கே செவ்வியல் என்றால் ஷேக்ஸ்பியர், அவரை ஒட்டிய காலத்தில் எழுதிய மார்லோ, வெப்ஸ்டர், பழைய கிரேக்க நாடகங்கள். பயிற்சியின் உயிர் குரலில் இருக்கிறது. 1906இல் லண்டனின் இன்னொரு நாடகப் பள்ளியான சென்ட்ரலைத் தொடங்கிய எல்சி ஃபோகர்ட்டி பேச்சுப் பயிற்சி ஆசிரியை, புகழ்பெற்ற ஆங்கில நடிகர் லாரன்ஸ் ஒலிவியே அவரிடம் படித்தவர். ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியில் பல ஆண்டுகள் குரல் பயிற்சி தந்த சிசிலி பெரியும் சென்ட்ரலில் படித்தவர்தான். மூச்சு எங்கிருந்து கிளம்புகிறது, ஒரு வரியின் கடைசிச் சொல்வரை அது எப்படித் தாங்குகிறது, எண்ணமும் மூச்சும் எங்கே சேர்ந்து திரும்புகின்றன என்று அவர்கள் பார்க்கும் அளவுக்கு வேறு எங்கும் பார்ப்பார்களா என்று தெரியவில்லை. இதை நான் மனதார மதிக்கிறேன்.

ஆனால் தமிழில் யோசித்து வளர்ந்த காதுக்கு இங்கே ஒரு பெரிய மேடு இருக்கிறது, அதைப் பற்றி யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. நம் செய்யுள் நேர், நிரை என்று அசையில் நடக்கிறது, குறிலும் நெடிலும்தான் கணக்கு. ஷேக்ஸ்பியரின் வரி அழுத்தத்தில் நடக்கிறது: பத்து அசை, அதில் ஐந்துக்கு அழுத்தம். தமிழில் ஒரு சொல்லின் எந்த அசையை ஓங்கிச் சொன்னாலும் பொருள் மாறாது. ஆங்கிலத்தில் 'ரெக்கார்ட்' என்பதில் முன்னசையை அழுத்தினால் பெயர்ச்சொல், பின்னசையை அழுத்தினால் வினைச்சொல். அர்த்தம் புரிந்து, கண்ணீர் வரும் அளவுக்கு உணர்ந்து பேசினாலும் அழுத்தம் இடம் மாறினால் கேட்பவர்களுக்கு வரி உடைந்துவிடும். இது உழைத்தால் வரும், ஆனால் காது பழகவே மாதக்கணக்கில் ஆகும், ஒரு வருடப் படிப்போ ஏற்கெனவே மேடையும் மொழியும் கைவசம் உள்ளவர்களுக்கு மெருகேற்றவே போடப்பட்டது. அதனால் என் கருத்து இதுதான்: முதல் பயிற்சியாக லண்டனின் ஒரு வருடப் படிப்பை எடுக்காதீர்கள். ஷேக்ஸ்பியர் பேசித்தான் ஆக வேண்டும் என்று மனது அடித்துக்கொண்டால் மூன்று வருடத்துக்கே முயலுங்கள், இந்த ஆண்டு கிடைக்காவிட்டால் அடுத்த ஆண்டும் தேர்வுக்குப் போங்கள்.

பணம். வெளிநாட்டு மாணவருக்குக் கட்டணமே ஆண்டுக்கு 20,000 பவுண்டுக்கு மேல். அதோடு, லண்டனில் படிக்க விசா வேண்டுமானால் செலவுக்கென்று மாதம் 1,400 பவுண்டுக்கு மேல் கணக்கிட்டு, 9 மாதத்துக்கான தொகை 28 நாள் தொடர்ந்து வங்கிக் கணக்கில் இருப்பதைக் காட்ட வேண்டும். படிக்கும்போது நடித்துச் சம்பாதித்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் கவனியுங்கள்: பருவ நாட்களில் வாரம் 20 மணி நேரம் கடையில் வேலை பார்க்கலாம், தொழில்முறை நடிகராக வேலை பார்க்க மாணவர் விசா அனுமதிக்காது. வீட்டை அடமானம் வைக்கும் முன் அப்பாவுக்கு இதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

சிங்கப்பூர் வேறு உலகம். சிங்கப்பூர் நாடகக்காரர்களான குவோ பாவ் குன்னும் டி. சசிதரனும் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய பயிற்சித் திட்டம்தான் இன்டர்கல்ச்சுரல் தியேட்டர் இன்ஸ்டிட்யூட் ஆனது. மூன்று வருடம், வகுப்பில் ஒரு கை எண்ணிக்கைக்குச் சற்று மேல் மாணவர்கள், ஒவ்வொருவரும் வேறு நாடு, வேறு தாய்மொழி. கேரளத்தின் கூடியாட்டம், ஜப்பானின் நோ, சீனாவின் பெய்ஜிங் ஓபரா, ஜாவாவின் வயாங் வோங், இந்த நான்கு மேடை மரபுகளையும் அந்தந்த மரபில் ஊறியவர்களிடமே கற்கிறார்கள், பக்கத்திலேயே தற்கால நடிப்பும் நடக்கிறது. ஒரு சுலோகத்தைக் கண்ணாலும் மூச்சாலும் மணிக்கணக்கில் விரிப்பது கூடியாட்டம். பாதத்தைத் தரையிலிருந்து எடுக்காமல் வழுக்கி நடக்கவே பல வாரம் பழக வேண்டியது நோ. யாரும் நான்கிலும் தேர்ந்துவிட முடியாது, அது நோக்கமும் இல்லை. நான்கு மரபும் உடம்பை நான்கு விதமாகக் கலைத்து அடுக்கும்போது, நடிப்பு என்று இதுவரை நினைத்திருந்தது வெறும் பழக்கம்தான் என்று தெரிய வரும், அது அங்கே நடக்கிற பெரிய விஷயம். தெருக்கூத்து பார்த்து வளர்ந்தவருக்கு இந்த உடல்மொழி அந்நியமாக இருக்காது, வயாங் வோங்கில் வருவதும் நமக்குத் தெரிந்த அர்ஜுனனும் ராமனும்தான். கட்டணம் லண்டனைவிடக் குறைவு, உதவித்தொகையும் உண்டு. அடுத்த சேர்க்கை எப்போது என்பதை மட்டும் முதலிலேயே எழுதிக் கேட்டுவிடுங்கள்.

குறை என்று பார்த்தால், லண்டன் பள்ளிகளுக்கு வெளியுலகில் இருக்கும் பெயர் இந்தச் சிங்கப்பூர்ப் பள்ளிக்கு இல்லை. இறுதியாண்டு நாடகத்தைப் பார்க்க, நடிகர்களுக்கு வாய்ப்பு தேடித் தரும் முகவர்கள் வந்து உட்காருவது லண்டனில் வழக்கம், அந்தக் கதவு சிங்கப்பூரில் அப்படித் திறப்பதில்லை. ஐரோப்பாவில் நடிகராகவே வாழ வேண்டும் என்றால் லண்டன்தான், இதில் எனக்கு இரண்டாம் யோசனை இல்லை.

திரும்பி வருகிறவர்களுக்கு? ராடாவில் படித்த இப்ராஹிம் அல்காசி இந்தியா திரும்பி 1962 முதல் 1977 வரை டெல்லி தேசிய நாடகப் பள்ளியை நடத்தினார், அங்கே படித்த சே. இராமானுஜம் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் நாடகம் சொல்லிக்கொடுத்தார். லண்டனில் கற்றது அப்படி இரண்டு கை மாறி நமக்கு வந்திருக்கிறது.

அந்தப் பெண்ணுக்கு நான் சொல்வது சிங்கப்பூர். அவளுக்குத் தமிழில்தான் நடிக்க வேண்டும், மேடையில் அவள் உடம்பு குரலைவிட முன்னே ஓடுகிறது, அப்பாவால் லண்டன் கட்டணம் கட்ட முடியாது. முப்பது வயதுக்குள் குரலுக்காக அந்த ஒரு வருடப் படிப்புக்குப் போக நினைத்தால் அப்போது தாராளமாகப் போகலாம். இப்போதைக்கு விண்ணப்பத்துக்கான இரண்டு தனிப்பேச்சுகளைத் தேடிக்கொண்டிருக்கிறோம், ஒன்று கண்ணகி வழக்குரைக்கும் இடம் என்று முடிவாகிவிட்டது, இன்னொன்று இன்னும் அமையவில்லை.