பழைய நேரோபோட் (கால்வாய்ல போற ஒடுங்கின நீளப் படகு) வாங்கப் போறவங்க படிச்சுட்டுப் போங்க, எனக்கு 11,400 பவுண்ட் போச்சு

நேத்து சாயந்திரம்தான் பில் வந்துச்சு, 11,400 பவுண்ட், ராத்திரி முழுக்க தூக்கம் இல்ல. இங்கிலாந்துல கால்வாய் வழியா ஊர் ஊரா போக படகு தேடற நம்ம ஆளுங்க நாலு பேராவது தப்பிக்கட்டும், என்னென்ன பாத்து வாங்கணும்னு கடைசில விவரமா சொல்றேன்.

பிரென்ட்ஃபோர்டுல கிளம்பி கிராண்ட் யூனியன் கால்வாய்லயே பர்மிங்காம் வரைக்கும் 137 மைல், 166 லாக் (படகை மேல கீழ ஏத்தி இறக்கற மதகுத் தொட்டி), அப்புறம் வேல்ஸ்ல லங்கோலன் பக்கம், இதான் எங்க பிளான். 57 அடி நீளம், 6 அடி 10 அங்குல அகலம்னா பெரும்பாலான லாக்ல நுழைஞ்சிடும்னு ரெண்டு வருஷமா படிச்சு வச்சிருந்தேன்.

ஒரு மரீனால (படகு நிறுத்தி வைக்கற இடம்) இருக்கற படகு புரோக்கர், பேர் சொல்லல. 1990ல கட்டின படகு. அன்னிக்கு மழை, உள்ள விறகு அடுப்பு பத்தவச்சு டீ போட்டுக் குடுத்தார். சாவியத் திருப்பினதுமே இன்ஜின் ஸ்டார்ட் ஆச்சு. தண்ணிலேந்து வெளிய தூக்கி சர்வே பண்ணிக்கட்டுமான்னு நான் கேட்டேங்க, கேக்காம இல்ல. உடனே போட் சேஃப்டி சர்டிஃபிகேட்ட எடுத்து நீட்டி, "இன்னும் மூணு வருஷம் இருக்கு, காருக்கு வருஷா வருஷம் எடுக்கற எம்ஓடி டெஸ்ட் மாதிரிதான், எதுக்கு வீணா எண்ணூறு பவுண்ட், சனிக்கிழமை இன்னொருத்தர் பாக்க வர்றார்"னார். அந்த டீயக் கைல வச்சுக்கிட்டே சரின்னுட்டேன்.

அந்த சர்டிஃபிகேட் கேஸ், வயரிங், டீசல் லைன், தீ விபத்து சம்பந்தப்பட்டத மட்டும்தான் பாக்கும். தண்ணிக்குள்ள இருக்கற இரும்பு தேஞ்சிருக்கான்னு பாக்கவே பாக்காது!

வாங்கின அப்புறம் இன்சூரன்ஸ்ல பழைய படகுன்னு சர்வே ரிப்போர்ட் கேட்டாங்க. தூக்கினோம். சர்வேயர் சுத்தியலால தட்டிக்கிட்டே வந்தார், முன்பக்கம் டங் டங்னு கேட்டது பின்பக்கம் போகப்போக டொப்பு டொப்புன்னு ஆயிடுச்சு. மீட்டர வச்சு வச்சு சாக்பீஸால எழுதறார், 5.2, 4.6, 3.1, 2.8. கட்டும்போது 6 மில்லிமீட்டர் தகடு அது, 4க்குக் கீழ போனா இன்சூரன்ஸ்காரங்க பொதுவா ஒத்துக்க மாட்டாங்க. வருஷக்கணக்கா மரீனா கரன்ட்ல சொருகியே போட்டிருக்காங்க, கால்வனிக் ஐசொலேட்டர் (கரை கரன்ட் வயர் வழியா இரும்பு அரிக்காம தடுக்கற கருவி) கிடையாது, அனோடெல்லாம் (இரும்புக்குப் பதிலா தான் கரையற உலோகக் கட்டி) கரைஞ்சு கம்பி மட்டும் நீட்டிக்கிட்டு நிக்குது. மேல புதுத்தகடு வச்சு வெல்டிங் பண்ணத்தான் 11,400 பவுண்ட்.

புரோக்கருக்கு போன் பண்ணினா "நாங்க வெறும் ஏஜென்ட், வித்தது ஓனர்". ஓனர் நம்பர் குடுங்கன்னா தனியுரிமையாம், தர மாட்டாங்களாம். மறுபடி பண்ணினா மேனேஜர் லீவு. ஈமெயில் போட்டா, இருக்கற நிலையிலயே விக்கறோம்னு ஒப்பந்தத்துல இருக்கற அந்த ஒரு வரிய வட்டம் போட்டு போட்டோ எடுத்து அனுப்பறாங்க, ஒரு வருத்தம் கூட இல்லாம. நேர்லயே போனேன். வேற ஒரு ஜோடிக்கு டீ ஊத்திக்கிட்டு இருக்கார் அதே மனுஷன்! என்னப் பாத்துட்டு "எதுன்னாலும் ஈமெயில்ல எழுதுங்க"ன்னு கதவ சாத்திட்டார். 11,400 பவுண்ட், எங்க பொண்ணு காலேஜுக்கு எடுத்து வச்ச காசு.

விவரமா சொல்றேன்னேன், இப்ப முடியல. தண்ணிலேந்து தூக்கிப் பாக்காம அஞ்சு காசு குடுக்காதீங்க. சர்வேயர நீங்களே புடிங்க, புரோக்கர் சொல்ற ஆள் வேணாம். இன்சூரன்ஸ்காரங்ககிட்ட வாங்கறதுக்கு முன்னாடியே பேசிடுங்க. கார் மாதிரி படகுக்கு லாக்புக் (வண்டியோட பதிவுப் பத்திரம்) கிடையாது, பழைய ரசீதெல்லாம் கேட்டு வாங்குங்க. வெல்டர் கூப்பிடறார், மிச்சம் அப்புறம்.