62,500 ரூபாய் போனது: புரோசசரும் கூலரும் ஒன்லைனில் வாங்க இருப்பவர்கள் வாசிக்கவும்

கணினியின் மூளையான புரோசசரையும் அதன் சூட்டை ஆற்றும் கூலரையும் எனக்கு விற்றவர்கள் நேற்று இரவு என்னை பிளொக் செய்துவிட்டார்கள். பதினாறு நாட்களாக "பார்த்துச் சொல்றம் அக்கா" என்றவர்கள், கடைசியில் அதையும் சொல்லாமல் போய்விட்டார்கள். கை நடுக்கம் இன்னும் நிற்கவில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடையின் பெயரை எழுதவில்லை. கொழும்பில் கடை இருப்பதாகச் சொல்லி, சமூக வலைத்தளத்தில் பக்கம் நடத்தி, கணினி உதிரிப்பாகங்களை கூரியரில் அனுப்புகிற ஓர் இடம். அப்படிப் பத்துப் பக்கங்களாவது உங்கள் போனிலும் வந்து போகும். அதில் ஒன்று.

நான் திருகோணமலை, உவர்மலைப் பக்கம். வீட்டிலிருந்து கல்யாண அல்பம் வடிவமைத்துக் கொடுக்கிறேன். ஏழு வருடம் உழைத்த லப்டொப் மாசியில் செத்துப்போனது. சீட்டு எடுத்த காசு கையில் இருந்தது. இந்த முறை லப்டொப் வேண்டாம், பாகம் பாகமாக வாங்கி நாங்களே பூட்டுவோம் என்று தம்பிதான் தொடக்கினான். ஓ.எல். பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறான், அவனுக்கும் ஒரு வேலை.

ஒரு மாதம் படித்தோம். நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் பட்டியல் போட்டோம். பி660 மதர்போர்ட் (எல்லாப் பாகமும் பூட்டுகிற பலகை), எட்டு எட்டாக 16 ஜிபி ரேம் (ஒற்றைத் துண்டை விட இரண்டு துண்டு வேகம்), 550 வோட் பவர் சப்ளை, கேசிங். இவை எல்லாம் வேறு இடங்களில் வாங்கினோம், ஒரு குறையும் இல்லை. புரோசசர் இன்டெல் ஐ5-12400. ஆறு கோர். முக்கியமாக, கடைசியில் எஃப் இல்லாதது. எஃப் என்ற எழுத்து இருந்தால் அதற்குள் கிராபிக்ஸ் இல்லை என்று அர்த்தம், தனியாக கார்ட் போடாமல் திரையில் ஒன்றும் வராது. கார்ட் வாங்க என்னிடம் காசு இல்லை. அதனால்தான் அந்த ஒரு எழுத்தில் அவ்வளவு கவனமாக இருந்தேன். இருந்தேன் என்றுதான் நினைத்தேன்.

அந்தப் பக்கத்தில் விலை மற்ற இடங்களை விட நாலாயிரம் குறைவு. வட்ஸ்அப்பில் கேட்டேன். ஐந்து நிமிடத்தில் அழைப்பே வந்தது. பையனின் குரலில் அவ்வளவு பணிவு.

"அக்கா எந்த இடம்?"

"திருமலை."

"ஐயோ, நானும் எங்கட பக்கம்தான் அக்கா. அம்மாட ஊர் சாம்பல்தீவு."

எந்தப் பக்கம் என்று கேட்டேன். "பாலத்துக்கு அங்கால" என்றான். இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது. சாம்பல்தீவில் பாலம் இருப்பது யாருக்குத் தெரியாது? ஆனால் அந்த நேரம் என் மனம் இளகிவிட்டது. கொழும்பில் ஒரு கடையில் எங்கள் ஊர்ப் பிள்ளை நிற்கிறான் என்று அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அம்மா, "பாவம், சாப்பாட்டுக்கு என்ன செய்யுதோ" என்றார்.

அப்புறம் அவன் பேசியது எல்லாம் எனக்குச் சரியாகவே பட்டது. பெட்டியோடு வருகிற புரோசசர் கையிருப்பில் இல்லை, ட்ரே இருக்கிறது, அதே சாமான்தான் என்றான். "பெட்டியோட வாற கூலர் எங்கட வெயிலுக்கு நிக்காது அக்கா. கச்சான் காத்து அடிக்கிற நேரம் வீடு எப்பிடிக் கொதிக்கும்? ஒரு டவர் கூலர் போடுங்க." கச்சான் என்று சொன்னானே, அதோடு நான் விழுந்துவிட்டேன். புரோசசர் 51,000, கூலர் 11,500. மொத்தம் 62,500.

ட்ரே என்றால் என்ன என்று பிறகுதான் படித்தேன். கணினி பூட்டி விற்கும் நிறுவனங்களுக்குத் தட்டுத் தட்டாக மொத்தமாகப் போகிற சரக்கு. பெட்டி இல்லை, கூலர் இல்லை, இன்டெல் நேரடியாக வொரன்டி தருவதும் இல்லை, விற்ற கடைதான் பொறுப்பு. பெட்டியில் வந்திருந்தால் கூலரும் சேர்ந்தே வந்திருக்கும். 12400 சாதாரணமாக 65 வோட், உச்சத்தில் 117 வோட் மின்சாரம் இழுத்துச் சூடாகும். அல்பம் வேலைக்கு அந்தப் பெட்டிக் கூலர் தாராளம். வெயில் காலத்தில் எந்தக் கூலரும் அறைச் சூட்டுக்குக் கீழே இறக்காது, 11,500 கொடுத்தாலும்தான்.

பொருள் கைக்கு வந்த பிறகு காசு கொடுக்கலாமா என்று கேட்டேன். ஒரு கணம் பேசாமல் இருந்தான். பிறகு, "எங்கட ஊர் ஆக்கள ஏமாத்திப்போட்டு நான் அம்மாட முகத்தில முழிக்கலாமா அக்கா?" என்றான். எனக்கு வெட்கமாகிவிட்டது. இரவு பதினொரு மணிக்கு 62,500 ரூபாயையும் வங்கி ஆப்பில் அனுப்பினேன். சந்தேகப்பட்டதற்கு மன்னிப்பும் கேட்டேன். ஆம், மன்னிப்பு கேட்டேன்!

நாலு நாளில் பொதி வந்தது. புரோசசரின் முதுகில், கூலர் அமரும் பக்கத்தில், சாம்பல் நிறத்தில் ஏதோ காய்ந்து கிடந்தது. "அக்கா, பேஸ்ட் அவங்களே பூசித் தந்திருக்கிறாங்கள்" என்று தம்பி சந்தோஷப்பட்டான். புரோசசரின் சூட்டைக் கூலருக்குக் கடத்த இடையில் பூசுவது அது. யாரோ பாவித்துக் கழற்றியது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. அந்தப் பேஸ்டுக்குக் கீழேதான் பெயர் பொறித்திருக்கிறது. நாங்கள் அதைத் துடைக்கவே இல்லை, மேலே இன்னும் கொஞ்சம் பூசினோம்.

கூலரை மதர்போர்டின் நாலு ஓட்டைகளில் பூட்டும்போது இரண்டு முனை இறங்கின. மூன்றாவது சாய்ந்து நின்றது. நாலாவது ஓட்டைக்கு வரவே இல்லை. கேசிங்குக்குள் கூலரின் உயரம் கொள்ளுமா என்று நான் முதலே அளந்து வைத்திருந்தேன். கேசிங் 160 மில்லிமீட்டர், கூலர் 155. உயரத்தை அளந்தவள் ஓட்டையை அளக்கவில்லை. படம் எடுத்து அனுப்பினேன். "அழுத்திப் போடுங்க அக்கா, புதுசு இறுக்கமாத்தான் இருக்கும்" என்று பதில். தம்பி அழுத்தினான். மதர்போர்ட் வில் மாதிரி வளைந்ததைப் பார்த்து நான் கத்திவிட்டேன்.

எப்படியோ நின்றது. சுவிட்ச் போட்டோம். விசிறிகள் சுற்றின. திரை கறுப்பு. இரண்டு இரவு அதே கறுப்பு. ரேமைக் கழற்றிப் போட்டோம், வயரை மாற்றினோம், பக்கத்து வீட்டு மொனிட்டரை இரவல் வாங்கினோம்.

மூன்றாம் நாள் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு கண்டி வீதிப் பக்கம் ஒரு திருத்துநரிடம் போனோம். வயதான மனிதர். கூலரைக் கழற்றினார், பேஸ்டைத் துணியால் துடைத்தார், கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்.

"தங்கச்சி, இது எஃப்."

12400எஃப். திரை வராததற்குக் காரணம் அதுதான். தன் பழைய கிராபிக்ஸ் கார்ட் ஒன்றைப் போட்டு, அதே கூலரை வைத்தே ஓட விட்டார். திரை வந்தது. சூடு 60, 78, 95 பாகை என்று ஏறியது. 100க்குப் போனால் புரோசசர் தானே வேகத்தைக் குறைக்கும் என்றார், ஆனால் அதுவரை விடவில்லை, அணைத்துவிட்டார். பிறகு ஓர் அடிமட்டம் எடுத்து வைத்துக் காட்டினார். என் மதர்போர்டில் புரோசசர் உட்காரும் இடம், அதாவது சொக்கெட், 1700 வகை, ஓட்டைக்கு ஓட்டை 78 மில்லிமீட்டர். கூலர் பழைய 1200 சொக்கெட்டுக்கு உரியது, 75. மூன்று மில்லிமீட்டர்! அதனால்தான் கூலர் சரியாக அமரவில்லை. 2021 கடைசியில் 12ஆம் தலைமுறை வந்தபோதே இன்டெல் சொக்கெட்டை மாற்றிவிட்டது. பழைய கூலர்கள் கடைகளில் தேங்கிக் கிடக்கின்றன, அவற்றை என்னைப் போன்ற ஆட்களின் தலையில் கட்டுகிறார்கள் என்றார். காசு வாங்கவில்லை. பிளேன்டீ ஊற்றித் தந்தார். அதைக் குடிக்கும்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், நினைக்கவே எரிச்சலாக இருக்கிறது. முதலில் கூரியரில் மாறியிருக்கும் என்றான். பிறகு மனேஜர் லீவு. பிறகு, பொதி திறக்கும்போது வீடியோ எடுத்தீர்களா என்று கேள்வி. எடுக்கவில்லை. "அப்ப நாங்க எப்பிடி நம்புறது அக்கா?" 62,500 ரூபாயை அனுப்பும்போது நான் எப்படி நம்பினேனாம்? அதன் பிறகு சாம்பல்தீவுப் பையன் காணாமல் போனான். அதே நம்பரிலிருந்து ஆங்கிலத்தில் பதில் வரத் தொடங்கியது. பூட்டிய பொருளைத் திருப்பி எடுக்க மாட்டோம், வேண்டுமானால் கொழும்புக்குக் கொண்டு வாருங்கள் என்று. இரவு பஸ், ஒரு நாள் வேலை, சாப்பாடு எல்லாம் பார்த்தால் இன்னொரு செலவு. வெள்ளவத்தையில் இருக்கும் என் சிநேகிதி எனக்காக அவர்கள் தந்த முகவரிக்குப் போய்ப் பார்த்தாள். அது போன் திருத்தும் கடை. அந்தப் பக்கத்தைத் தங்களுக்குத் தெரியவே தெரியாது என்றார்களாம்.

நுகர்வோர் விவகார அதிகார சபைக்கு எழுதப் போகிறேன். அவர்களின் நம்பர் 1977. பொருள் வாங்கி மூன்று மாதத்துக்குள் முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும். ஆனால் ரசீது என்று என்னிடம் இருப்பது வங்கி ஆப்பின் படமும் வட்ஸ்அப் பேச்சும் மட்டும்தான்.

எப்படிப் பாகம் தெரிவு செய்வது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை. இப்போதைக்கு இவ்வளவுதான்: பொதியை வீடியோ எடுத்துக்கொண்டே திறவுங்கள். புரோசசரின் முதுகில் உள்ள எழுத்தை வாசியுங்கள், பேஸ்ட் இருந்தால் துடைத்துவிட்டு வாசியுங்கள். கூலர் பெட்டியில் உங்கள் சொக்கெட் நம்பர் அச்சில் இருக்கிறதா பாருங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். முதல் முறை பூட்டுகிறவர்கள் பெட்டியோடு வருவதையே வாங்குங்கள். முழுக் காசையும் முன்னுக்கு அனுப்பாதீர்கள், உங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னால் இன்னும் அனுப்பாதீர்கள். யாராவது அழுத்திப் போடச் சொன்னால் போடாதீர்கள்.

திருத்துநர் சரியான கூலர் ஒன்று தேடித் தருகிறேன் என்றிருக்கிறார், கார்டும் தவணைக்குத் தருவாராம். சனிக்கிழமை நிலாவெளியில் ஒரு வீட்டுக்கு அல்பம் கொடுக்க வேண்டும். தம்பியின் சிநேகிதனுடைய லப்டொப்பை இரவல் வாங்கி வந்திருக்கிறேன். அதுவும் இப்போது கொதிக்கிறது, மூடி வைக்கப் போகிறேன்.