கலிஃபோர்னியாவில் டேகேர்: வீடா, சென்டரா? லைசன்ஸ் விதிகளை வைத்து ஓர் ஒப்பீடு

ஃப்ரீமான்ட்டிலோ சன்னிவேலிலோ டேகேர் தேடும் பெற்றோர் முதலில் கேட்பது இரண்டு கேள்விகள்: மாதம் எவ்வளவு? இடம் காலியாக இருக்கிறதா? இவற்றோடு மூன்றாவதாக ஒன்றையும் கேட்டாக வேண்டும்: உங்களுடையது எந்த வகை லைசன்ஸ்? ஓர் ஆள் எத்தனை குழந்தைகளைப் பார்க்கலாம், அந்த ஆள் என்ன படித்திருக்க வேண்டும், ஒருவர் வராத நாளில் என்ன நடக்கும் என்பதெல்லாம் அந்த வகையைப் பொறுத்தது.

மாநிலச் சமூகச் சேவைத் துறையின் லைசன்ஸ் பிரிவு தருவது முக்கியமாக மூன்று வகை: சிறிய வீட்டு டேகேர், பெரிய வீட்டு டேகேர், சென்டர். மூன்றுக்கும் டைட்டில் 22 என்ற விதித்தொகுப்புதான் அடிப்படை. அரசு நிதியில் நடக்கும் சென்டர்களுக்கு மட்டும் அதற்கு மேல் டைட்டில் 5 என்ற கடுமையான விதிகளும் உண்டு.

லைசன்ஸே வேண்டாத ஏற்பாடுகளும் இருக்கின்றன. சொந்தக்காரர் பார்த்துக்கொள்ளலாம். பக்கத்து வீட்டு அக்கா தன் பிள்ளைகளோடு இன்னொரு குடும்பத்தின் பிள்ளைகளை மட்டும் பார்த்துக்கொள்ளலாம். இரண்டாவது குடும்பத்தின் குழந்தையையும் தன் வீட்டில் சேர்த்துக்கொண்டால் அவருக்கு லைசன்ஸ் தேவை. "நம்ம ஆளுங்கதானே" என்று இந்த எல்லையைத் தாண்டுவது சகஜமாக நடக்கிறது. அப்படி ஓர் இடத்தில் சோதனையும் இல்லை, புகார் வந்த வரலாற்றைப் பார்க்கும் வழியும் இல்லை. ஆளைப் பற்றிய பின்னணிச் சோதனையாவது வேண்டும் என்றால் டிரஸ்ட்லைன் என்ற மாநிலப் பதிவேட்டில் அவரைச் சேரச் சொல்லலாம்.

சிறிய வீட்டு டேகேர்

8 குழந்தைகள் வரை என்று விளம்பரத்தில் இருக்கும். அந்த 8 நிபந்தனைகளுக்கு உட்பட்டது. விதிப்படி 2 வயது நிறையாத குழந்தை கைக்குழந்தை. கைக்குழந்தைகள் மட்டும் என்றால் 4 பேர்தான். கலந்த வயது என்றால் 6 பேர், அதில் கைக்குழந்தைகள் 3க்கு மேல் கூடாது. 7, 8 என்று போக வேண்டுமானால் கைக்குழந்தைகள் 2க்கு மேல் இருக்கக் கூடாது, ஒரு பிள்ளையாவது கிண்டர்கார்டனோ அதற்கு மேலோ படிக்க வேண்டும், இன்னொன்று 6 வயதாவது ஆகியிருக்க வேண்டும். இந்த 7, 8க்கு, வாடகை வீடாக இருந்தால் வீட்டுக்காரரின் எழுத்துபூர்வச் சம்மதமும் வேண்டும்.

இந்தக் கணக்கில் நடத்துபவரின் சொந்தப் பிள்ளைகளும் 10 வயது வரை சேர்வார்கள். பெற்றோர் பலர் கேட்க மறப்பது இதைத்தான். ஒன்றரை வயதுப் பிள்ளையும் நாலு வயதுப் பிள்ளையும் உள்ள ஒரு தாய் டேகேர் நடத்தினால், 6 இடத்தில் 2 ஏற்கெனவே போய்விட்டது, 3 கைக்குழந்தை இடங்களில் ஒன்று அவருடைய பிள்ளையுடையது. "எத்தனை குழந்தைகள் வருகிறார்கள்?" என்று கேட்டால் அவர் சொந்தப் பிள்ளைகளை விட்டுவிட்டுத்தான் எண்ணுவார். "மதியம் ஒரு மணிக்கு இந்த வீட்டில் 10 வயதுக்குக் கீழே எத்தனை பேர் இருப்பார்கள்?" என்று கேளுங்கள்.

படிப்புத் தகுதி என்று பெரிதாக ஒன்றும் கேட்பதில்லை. 16 மணி நேர உடல்நல, பாதுகாப்புப் பயிற்சி போதும். குழந்தைகளுக்கான சிபிஆரும் முதலுதவியும் அதில் அடக்கம். கல்லூரி யூனிட் (கல்லூரியில் படித்த பாடத்தின் அளவு) எதுவும் தேவையில்லை. ஒரு குழந்தைக்கு இத்தனை சதுர அடி என்ற விதியும் வீடுகளுக்குக் கிடையாது. மாறாக, வீட்டில் வசிக்கும் 18 வயது கடந்த ஒவ்வொருவரும் கைரேகைச் சோதனையில் தேறியிருக்க வேண்டும். கணவர், கல்லூரி போகும் மகன், மாடியறை வாடகைக்காரர், எல்லோருக்கும் இது பொருந்தும். நீச்சல் குளம் இருந்தால் குறைந்தது 5 அடி வேலி.

பலவீனம் எங்கே? எல்லாமே ஒரே ஆளின் தோளில் இருப்பதில். நடத்துபவர் வேலை நேரத்தில் குறைந்தது 80 சதவீதம் வீட்டில் இருக்க வேண்டும் என்கிறது விதி. அவருக்குக் காய்ச்சல் என்றால் அன்று டேகேரே இல்லை. அவர் ஒரு குழந்தைக்கு டயபர் மாற்றும் ஐந்து நிமிடமும் மற்ற ஐந்து பேரை அந்த மேசைக்குப் பக்கத்திலிருந்தே பார்த்தாக வேண்டும். டயபர் மேசை எங்கே இருக்கிறது, அங்கிருந்து விளையாடும் இடம் கண்ணில் படுகிறதா என்று நின்று பாருங்கள். உள்ளறையில் இருந்தால் அந்த வீடு சரிப்படாது.

பெரிய வீட்டு டேகேர்

12 பேர், அதில் கைக்குழந்தைகள் 4 வரை. பள்ளி வயதுப் பிள்ளைகள் இருந்தால் 14 பேர், கைக்குழந்தைகள் 3 வரை. உதவியாளர் ஒருவர் கட்டாயம். அந்த உதவியாளருக்கு விதி கேட்கும் குறைந்தபட்ச வயது 14! 18 வயது ஆகாதவரைக் குழந்தைகளோடு தனியே விடக் கூடாது, அவ்வளவுதான். ஆகவே "ரெண்டு பேர் இருக்கோம்" என்ற பதிலோடு நிறுத்தாதீர்கள். இரண்டாவது ஆள் யார், என்ன வயது, எத்தனை மணிக்கு வருகிறார், எத்தனை மணிக்குப் போகிறார் என்று கேளுங்கள்.

உதவியாளர் இல்லாத நேரத்தில் பெரிய வீடு சிறிய வீட்டின் எண்ணிக்கைக்கு இறங்கிவிட வேண்டும். விதி அதிகமாக மீறப்படக்கூடிய இடம் இது. காலை 7:30க்கு 9 குழந்தைகள் வந்துவிடுகிறார்கள், உதவியாளர் 8:30க்குத்தான் வருவார். இடைப்பட்ட ஒரு மணி நேரம் ஒருவர் கையில் 9 பேர். பெயருக்கு இரண்டு பேர் இருக்கும் இடம்தான், காகிதத்தில் குறையே தெரியாது.

மூன்றில் நாங்கள் மிகவும் யோசித்துச் சேர்க்கச் சொல்வது இந்த வகையைத்தான். உதவியாளர் நிலையாக, வருடக்கணக்காக இருக்கும் வீடு அருமையாக இருக்கும். நாலு மாதத்துக்கு ஒருவர் மாறும் வீட்டில் பன்னிரண்டு பேரும் உண்மையில் ஒருவர் பொறுப்பில்தான் இருக்கிறார்கள்.

சென்டர்

இங்கே விதிகள் நெருக்கமானவை. உள்ளே குழந்தைக்கு 35 சதுர அடி, வெளியே 75 சதுர அடி. 15 பேருக்கு ஒரு டாய்லெட், ஒரு சிங்க். டீச்சர் என்றால் குழந்தை வளர்ச்சிப் பாடத்தில் 12 யூனிட் முடித்து அனுபவமும் வேண்டும். 6 யூனிட்டோடு சேர்பவர் மீதியைத் தொடர்ந்து படித்துக்கொண்டே வேலை பார்க்கலாம். கைக்குழந்தை அறை டீச்சருக்கு அந்த வயதைப் பற்றிய பாடத்திலும் 3 யூனிட் வேண்டும். எய்டு என்ற உதவியாளருக்கு யூனிட் தேவையில்லை. அதனாலேயே அவர் டீச்சரின் நேரடிப் பார்வையில்தான் வேலை செய்ய வேண்டும்.

விகிதம்: கைக்குழந்தைகள் 4 பேருக்கு ஓர் ஆள், 12 கைக்குழந்தைகளுக்கு ஒரு டீச்சராவது முழுத் தகுதியுடன். ப்ரீஸ்கூல் வயதில் (2 வயதிலிருந்து) 12 பேருக்கு ஒரு டீச்சர். எய்டும் சேர்ந்தால் 15, எய்டு 6 யூனிட் முடித்தவரானால் 18. பள்ளி வயதில் 14க்கு ஒருவர்.

இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. 2 வயது பிறந்தநாள் வரை 4க்கு ஒருவர் என்றிருந்த குழந்தை, மறுநாள் 12க்கு ஒருவர் அறைக்குப் போகலாம். டயபர் போகவில்லை, பேச்சு வரவில்லை, கடிக்கும் வயது வேறு. இந்தப் பள்ளத்தை மூடத்தான் 18 மாதத்திலிருந்து சேர்க்கக்கூடிய டாட்லர் பிரிவு வைத்திருக்கிறார்கள். அதில் 6க்கு ஓர் ஆள், குழுவில் 12 பேருக்கு மேல் இல்லை. ஆனால் அது சென்டரின் விருப்பம், கட்டாயமல்ல. சேர்க்கும்போதே கேளுங்கள்: "லைசன்ஸில் டாட்லர் பிரிவு இருக்கிறதா? என் குழந்தை 24 மாதத்தில் எந்த அறைக்குப் போகும், அங்கே எத்தனைக்கு எத்தனை பேர்?" வரவேற்பறையில் பதில் தெரியாவிட்டால் டைரக்டரிடம் போங்கள்.

சென்டரில் தவறு நடப்பது நாளின் ஓரங்களில். காலை திறக்க வேண்டிய டீச்சர் வரவில்லை, எய்டு மட்டும் கதவைத் திறந்து குழந்தைகளை வாங்கிக்கொள்கிறார். மாலை 5:30க்கு மேல் அறைகளைச் சேர்த்துவிடுகிறார்கள். மதியத் தூக்கத்தில் ப்ரீஸ்கூல் பிள்ளைகள் 24 பேரை ஒருவரே பார்க்கலாம், மற்ற ஊழியர்கள் சென்டருக்குள்ளேயே, கூப்பிட்டவுடன் வரும்படி இருந்தால் மட்டும். அவர்கள் சாப்பிட வெளியே போய்விட்டால் விதி உடைந்தது. ஒன்றே முக்காலுக்கு ஆறேழு பேர் சேர்ந்தாற்போல் விழித்துக்கொண்டால் அந்த ஒருவரால் என்ன செய்ய முடியும்?

டைட்டில் 5, டிகே

அரசு நிதிச் சென்டரில் 18 மாதம் வரை 3 பேருக்கு ஒரு பெரியவர், 18 முதல் 36 மாதம் வரை 4க்கு ஒருவர், ப்ரீஸ்கூலில் 8க்கு ஒருவர். அதே 24 ப்ரீஸ்கூல் பிள்ளைகளுக்குத் தனியார் சென்டரில் இரண்டு டீச்சர்கள் போதும், இங்கே மூன்று பெரியவர்கள் வேண்டும். டீச்சருக்கு மாநில பெர்மிட் வேண்டும், அதற்கு 24 யூனிட்டோடு பொதுப்பாடங்கள் 16 யூனிட். தரத்தில் இதுதான் மேல். வருமான வரம்பு இருப்பதால் ஐடி வேலைக் குடும்பங்களுக்குப் பெரும்பாலும் எட்டாது. ஒருவர் சம்பளத்தில் ஓடும் வீடு, படிக்க வந்த தம்பதி போன்றவர்கள் கேட்காமலே விட்டுவிட வேண்டாம்.

செப்டம்பர் 1க்குள் 4 வயது ஆகும் எல்லாக் குழந்தைகளுக்கும் 2025-26 முதல் அரசுப் பள்ளியில் டிகே (கிண்டர்கார்டனுக்கு முந்தைய வகுப்பு) இலவசம், விகிதம் 10க்கு ஒருவர். டேகேர் லைசன்ஸ் விதிகள் இதற்குப் பொருந்தாது, பள்ளி மாவட்டம்தான் பொறுப்பு. பள்ளி விடும் நேரத்திலிருந்து மாலை வரைக்கும், கோடை விடுமுறைக்கும் வேறு இடம் பார்க்க வேண்டியிருக்கும்.

எங்கும் பொருந்தும் தூக்க விதி

12 மாதம் வரை மல்லாந்துதான் படுக்க வைக்க வேண்டும். தொட்டிலுக்குள் போர்வை, தலையணை, பொம்மை கூடாது, துணியில் சுற்றவும் கூடாது. தூங்கும் கைக்குழந்தையை 15 நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்து எழுதி வைக்க வேண்டும். நம் வீடுகளில் தூளியில் தூங்கிப் பழகிய குழந்தைக்கு இது பெரிய மாற்றம். "தூளி கட்டித் தாங்க" என்று கேட்காதீர்கள், அவர்கள் ஒத்துக்கொண்டால் அதுவே கெட்ட அறிகுறி. சேர்ப்பதற்கு மூன்று வாரம் முன்பே வீட்டில் தட்டையான மெத்தையில் தூங்கப் பழக்குங்கள். பார்க்கப் போகும்போது அந்தத் தூக்கக் குறிப்பேட்டைக் கேளுங்கள். 12:15, 12:30, 12:45 என்று ஒரே பேனாவில், ஒரே மூச்சில் எழுதியது போல இருந்தால், அல்லது இன்னும் வராத மணிக்கும் டிக் போட்டிருந்தால், அங்கே யாரும் குழந்தையைப் பார்க்கவில்லை என்று பொருள்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

பல குடும்பங்கள் கைக்குழந்தையை வீட்டு டேகேரில் விட்டு, 2 வயதானதும் சென்டருக்கு மாற்றுகிறார்கள். விதிகளை மட்டும் வைத்துப் பார்த்தால் இது தலைகீழ். கைக்குழந்தைக்கு 4க்கு ஒருவர், பயிற்சி பெற்ற டீச்சர், அவருக்கு மாற்று ஆள் எல்லாம் சென்டரில்தான் எழுத்தில் இருக்கின்றன. 2 வயதில்தான் சென்டரின் விகிதம் தளர்கிறது. 6 பேர் மட்டும் உள்ள நல்ல சிறிய வீடு அந்த ஓராண்டுக்கு 12 பேர் அறையைவிட மேல். டாட்லர் பிரிவு உள்ள சென்டர் கிடைத்தால் மாற்றவே வேண்டாம். 3 வயதுக்கு மேல் சென்டர், 4 ஆனதும் டிகே.

முடிவெடுக்கும் முன் லைசன்ஸ் பிரிவின் இணையதளத்தில் அந்த இடத்தின் சோதனை அறிக்கைகளைத் தேடிப் படியுங்கள். டைப் ஏ என்ற குறை உடனடி ஆபத்தைக் குறிக்கும். அதை 30 நாள் பெற்றோர் பார்வையில் ஒட்ட வேண்டும், அடுத்த 12 மாதத்தில் புதிதாகச் சேர்பவர்களுக்கும் நகல் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். உடனடி ஆபத்தில்லாத டைப் பி குறை ஒன்றிரண்டு இருப்பதற்குப் பயப்படத் தேவையில்லை. ஆள் பற்றாக்குறை என்று ஒரே குறை இரண்டு வருடமாகத் திரும்பத் திரும்ப வந்தால் விட்டுவிடுங்கள்.

சேர்த்த பிறகு, வேலை நேரத்தில் முன்னறிவிப்பில்லாமல் உள்ளே போய்ப் பார்க்கும் உரிமை பெற்றோருக்குச் சட்டப்படி உண்டு. முதல் மாதத்தில் ஒருநாள் காலை திறந்தவுடன், ஒருநாள் மதியம் ஒன்றரைக்கு, ஒருநாள் மாலை 5:40க்குப் போய்த் தலைகளை எண்ணுங்கள்: குழந்தைகள் எத்தனை, பெரியவர்கள் எத்தனை, அவர்களில் டீச்சர் யார்.